எல்இடி வாலில் வீடியோ திக்கியது ஏன்: கோத்தகிரி மேடையில் செய்த சோதனைகளும் சரிபார்ப்பும்

எல்இடி வாலில் (பேனல்களை அடுக்கிச் செய்த பெரிய எல்இடி திரையில்) வீடியோ திக்கித் திக்கி ஓடினால் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் குறை சொல்வது கிராபிக்ஸ் கார்டைத்தான். கோத்தகிரியில் ஊர்ப் பண்டிகைக்குப் போட்ட மேடையிலும் அதே பேச்சு எழுந்தது: "இந்த லேப்டாப் தாங்காது, வேற எடுங்க." கடைசியில் லேப்டாப்பும் மாறவில்லை, கார்டும் மாறவில்லை. ஒரே திக்கல்போலத் தெரிந்ததில் நான்கு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று தலைகாட்டியதால் எல்லாரும் குழம்பிப் போனார்கள். எந்த இடத்தில் ஃப்ரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படம்) நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகே கை வைக்க வேண்டும். அந்தத் தேடலை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

மேடையில் இருந்தவை: கிளிப்களை லேயராக அடுக்கி நேரடியாக ஓட்டும் ரெசல்யூம் அரீனா மென்பொருள். 6 கோர் பிராசசர், 16 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகத்தோடு என்விடியா கார்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். கிளிப்கள் எல்லாம் யூஎஸ்பியில் மாட்டிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். வால் 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், பி3.91 பேனல் (பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மில்லிமீட்டர்). மூன்று லேயர்: கீழே பின்னணி (தேயிலைத் தோட்டம், மூடுபனி, கோடநாடு காட்சிமுனையில் எடுத்த ட்ரோன் ஷாட், மலை ரயில்), நடுவில் ஆல்ஃபாவோடு (கீழ் லேயர் ஊடுருவித் தெரியவிடும் ஒளிபுகும் தன்மையோடு) கூடிய எழுத்துக் கிளிப், மேலே லைவ் கேமரா. கம்போசிஷன் (லேயர்கள் எல்லாம் சேர்ந்து உருவாகும் படம்) அளவு 3840 × 2160, அதாவது 4கே, என்று வைக்கப்பட்டிருந்தது. பாதித் தொல்லைக்கு வேர் அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது.

எப்போது திக்குகிறது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்

எந்த செட்டிங்கையும் தொடாமல் அரைமணி நேரம் ஓடவிட்டு, பேப்பரில் நேரத்தோடு குறித்தோம். கிடைத்தவை இவை. கிளிப்பைத் தட்டிய உடனும், லூப் முடிந்து திரும்பும் இடத்திலும் ஒரு வெட்டு. மூன்று லேயரும் ஒன்றாக ஏறும்போது எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண் 60இலிருந்து 20 சொச்சத்துக்குச் சரிவு. மலை ரயில் கிளிப்பில் மட்டும், எண் 60 என்று திடமாக நிற்கும்போதே, சீரான நடுக்கம். இருபது நிமிடம் ஆன பிறகு எல்லாமே கனத்துப்போவது, நடுநடுவே ஒரு நொடி வால் கறுத்துத் திரும்புவது.

மென்பொருள் காட்டும் எஃப்பிஎஸ் எண்ணை அதிகம் நம்பக் கூடாது. லேயர்களை அடுக்கி ஒரு படமாக நொடிக்கு எத்தனை முறை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் அது காட்டும். கீழே ஓடும் கிளிப்பிலிருந்து புது ஃப்ரேம் வந்ததா, பழைய ஃப்ரேமே மறுபடி போனதா என்பது அதற்குக் கணக்கில்லை. கிளிப் கல்லாய் நின்றாலும் எண் 60 என்றே காட்டும். எண்ணும் விழுந்தால் கார்டு திணறுகிறது என்று பொருள். எண் நிற்க, படம் மட்டும் திக்கினால் டிஸ்க், டீகோடிங் (சுருக்கிய கோப்பைப் படமாக அவிழ்ப்பது), ஃப்ரேம் ரேட் இந்த மூன்றில் ஒன்று. இந்தப் பிரிவு ஒன்றே ஒரு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கண்ணை மட்டும் நம்பாமல் அளக்க ஒரு சோதனைக் கிளிப் செய்துகொண்டோம். கறுப்புப் பின்னணியில் இடமிருந்து வலம் போகும் ஒரு வெள்ளைக் கம்பி, நடுவில் பெரிய எழுத்தில் ஃப்ரேம் எண். நொடிக்கு 25 ஃப்ரேம், 30 நொடி, ஆக 1 முதல் 750 வரை. எந்த எடிட்டிங் மென்பொருளிலும் டைம்கோட் எஃபெக்ட்டைப் போட்டால் பத்து நிமிட வேலை. இதை ஓடவிட்டு, மொபைலில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் படம் பிடித்து, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வெளியீடு 60 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு முறை புதுப்பிக்கும் நேரம் மொபைலில் 4 ஃப்ரேம். அதனால் ஒவ்வொரு எண்ணும் 8 அல்லது 12 மொபைல் ஃப்ரேம் நிற்பது இயல்பு. 16, 20 என்று நின்றால் அங்கே திக்கல். 312க்குப் பிறகு 314 வந்தால் 313 விழுந்துவிட்டது. முதலில் லேப்டாப் திரையைப் படம் பிடியுங்கள், அப்புறம் வாலை. வாலை இப்படி எடுக்கும்போது கறுப்புப் பட்டைகள் தெரியும். பேனல் வரிசை வரிசையாக எரிவதால் வருவது அது, கோளாறு இல்லை.

எச்.264ஐ மாற்றியதும் நிலைமை இன்னும் மோசமானது

கிளிப்கள் எல்லாம் 4கே எச்.264 அல்லது எச்.265, ட்ரோனிலும் மொபைலிலும் எடுத்தவை. இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. முழுப் படமாக ஒரு கீஃப்ரேம் வரும், அதற்குப் பின்னால் வருபவை மாற்றத்தை மட்டும் சுமந்துவரும். எச்.264 கோப்பை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு நிலையில் கீஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை இடைவெளி விடலாம். நொடிக்கு 25 என்றால் அது 10 நொடி. சினிமா பார்க்க இது போதும், ஏனென்றால் அங்கே கோப்பு முன்னோக்கி மட்டும் ஓடுகிறது. மேடையில் கிளிப்பை நடுவிலிருந்து தட்டுகிறோம், பின்னோக்கி ஓட்டுகிறோம், தாளத்துக்கு வெட்டி வெட்டிப் போடுகிறோம். 249ஆம் ஃப்ரேம் வேண்டுமென்றால் கீஃப்ரேமிலிருந்து அத்தனையையும் அவிழ்த்துவர வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு நம்மிடம் இருப்பது 40 மில்லிசெகண்ட். தட்டும்போதும் லூப் திரும்பும்போதும் விழுந்த வெட்டு இதனால்தான்.

மருந்து தெரிந்ததே. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும், கிராபிக்ஸ் கார்டே அவிழ்க்கும் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வேண்டும். ரெசல்யூமுக்கு அது டிஎக்ஸ்வி 3. அவர்களே இலவசமாகத் தரும் ஆலி என்ற செயலியில் கிளிப்களைப் போட்டு மாற்றலாம். டச்டிசைனர், மேட்மேப்பர், விடிஎம்எக்ஸ் போன்ற வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஹாப் கோடெக்கை எடுக்கலாம். திறந்த மூலக் கோடெக் அது, ஷட்டர் என்கோடர் செயலியில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

எல்லாக் கிளிப்பையும் 4கே அளவிலேயே டிஎக்ஸ்வியாக மாற்றி, அதே ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஓட்டியபோது திக்கல் பல மடங்கு கூடியது. பலர் இந்த இடத்தில்தான் "டிஎக்ஸ்வி சரியில்லை" என்று முடிவுகட்டி எச்.264க்கே திரும்புகிறார்கள். தப்பு கோடெக்கில் இல்லை. எச்.264 பிராசசரை வாட்டும், டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாது: நொடிக்கு 100 மெகாபிட் உள்ள ட்ரோன் கோப்பே 12.5 மெகாபைட்தான் கேட்கும். டிஎக்ஸ்வியும் ஹாப்பும் பிராசசரை விட்டுவிட்டு டிஸ்க்கைக் கேட்கும். அடைப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. சாதா ஹாப் கோடெக்கில் ஒரு பிக்சலுக்கு 4 பிட், அதாவது அரை பைட். ஆல்ஃபா இருந்தாலோ, தரம் கூடிய ஹாப் க்யூ எடுத்தாலோ 8 பிட், ஒரு முழு பைட். 4கே ஃப்ரேம் ஒன்றில் 82,94,400 பிக்சல், அதில் பாதி 4.15 மெகாபைட். நொடிக்கு 25 என்றால் 104 மெகாபைட். மேலே ஆல்ஃபாவோடு இன்னொரு 4கே லேயர் ஏறினால் அதற்கு 207. இரண்டும் சேர்ந்து 311 மெகாபைட். இதன் மேல் இன்னொரு சுருக்கமும் நடப்பதால் உண்மையில் சற்றுக் குறையும், ஆனாலும் திட்டமிட இந்த மேல் எல்லையைத்தான் எடுக்க வேண்டும். லேப்டாப் வகை ஹார்ட் டிஸ்க் ஒரே கோப்பை நேராகப் படித்தால் நொடிக்கு 100 மெகாபைட் சுமாருக்குத் தரும். இரண்டு மூன்று கோப்புக்கு நடுவே அதன் ஊசி தாவித் தாவி ஓட வேண்டியிருந்தால் அதுவும் கிடைக்காது. டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. சான்றுக்கு அது போதும்.

வாலில் எத்தனை பிக்சல் இருக்கிறது

டிஸ்க்கை மாற்றும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பி3.91 பேனல் ஒன்று 500 × 500 மில்லிமீட்டர், அதில் 128 × 128 பிக்சல். அகலத்தில் 8 பேனல், உயரத்தில் 5. ஆக மொத்தம் 1024 × 640. பெருக்கினால் 6,55,360 பிக்சல். 4கே படத்தில் இருப்பது இதைப்போல் பன்னிரண்டரை மடங்கு. கார்டு அத்தனையையும் வரைந்து, ப்ளர் எஃபெக்ட்டையும் அத்தனைக்கும் போட்டு, கடைசியில் பன்னிரண்டில் பதினொரு பங்கைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. பார்வையாளர் கண்ணுக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கூடுதலாகப் போகவில்லை. வாலை வாடகைக்குத் தருபவரிடம் பேசும்போது "எத்தனை அடி" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எத்தனை பிக்சல்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கம்போசிஷனை 1024 × 640 ஆக்கினோம். ரெசல்யூமின் அட்வான்ஸ்டு அவுட்புட்டில் அதே அளவு ஸ்லைஸ் (வெளியே போகும் படத் துண்டு) ஒன்றை இடது மேல் மூலையில், 0, 0 புள்ளியிலிருந்து வைத்தோம். எச்டிஎம்ஐ வெளியீடு 1920 × 1080 ஆகவே இருக்கலாம், எல்இடி பிராசசர் (லேப்டாப்பின் படத்தை வாங்கி வாலுக்கு அனுப்பும் பெட்டி) அந்த மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் பிக்சலுக்குப் பிக்சல் உட்காரும். அதில் இருக்கும் நோவாஸ்டார் வகை சென்டிங் கார்டில் (பேனல்களுக்குப் படத்தை அனுப்பும் கார்டு) ஒரு நெட்வொர்க் போர்ட் 60 ஹெர்ட்ஸில் 6,50,000 பிக்சல் வரை தாங்கும். நம் வால் அதைவிட 5,360 கூடுதல். அதனால் மேல் வரிசைகளை ஒரு போர்ட்டிலும் கீழ் வரிசைகளை இன்னொன்றிலும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிளிப்களையும் 1024 × 640க்கு மறுபடி ஏற்றுமதி செய்தோம். இந்த அளவு 16:10, மூலக் கிளிப் 16:9. உயரத்தை 640க்குப் பொருத்தினால் அகலம் 1138 வரும், இரு பக்கமும் 57 பிக்சல் வெட்டுப்படும். எழுத்துக் கிளிப்பில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து ஓரத்தில் இருந்தால் போய்விடும், உள்ளே இழுத்து வையுங்கள். அகலமும் உயரமும் 4ஆல் வகுபடும் எண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் இந்தக் கோடெக்குகள் படத்தை 4 × 4 கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகின்றன. தேவைப்படாத ஒலியையும் ஏற்றுமதியிலேயே நீக்கிவிடுங்கள். மொபைலில் எடுத்த கிளிப்களில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அவற்றை நிலையான 25க்கு மாற்றிய பிறகே டிஎக்ஸ்வியாக்க வேண்டும்.

தரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நார்மல் குவாலிட்டியில் தேயிலைத் தோட்டமும் ரயிலும் குறையில்லாமல் இருந்தன. மூடுபனிக் கிளிப் மட்டும் கெட்டது. சோலைக்காட்டின் மேல் வெண்மை மெல்ல மெல்லச் சாம்பலாகக் கரைய வேண்டிய இடத்தில் படி படியாகக் கோடு விழுந்தது, சில இடத்தில் இளம்பச்சைத் திட்டும் தெரிந்தது. 4 × 4 கட்டம் ஒன்றுக்கு நான்கே நிறம்தான் கிடைக்கிறது, அதனால் மென்மையான சாயல் மாற்றம் அதில் தங்காது. மலைப்பக்கம் எடுக்கும் படத்தில் பனியும் மேகமும் எப்போதும் இருக்கும் என்பதால் இது அடிக்கடி வரும். அந்தக் கிளிப்களை மட்டும் ஹை குவாலிட்டியில் எடுத்தோம். எல்லாவற்றையும் ஹை குவாலிட்டியில் போடுவது வீண்.

இப்போது கணக்கு: நார்மல் குவாலிட்டிப் பின்னணிக்கு நொடிக்கு 8.2 மெகாபைட், ஆல்ஃபா உள்ள எழுத்துக்கு 16.4. மொத்தம் 25க்குள். கோப்புகளை லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டிக்கு மாற்றி, கம்போசிஷனில் பாதையையும் புதிதாகக் காட்டினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். ஏதாவது கிளிப் சிவப்பாகவோ காலியாகவோ தெரிந்தால் அது இன்னும் வெளி டிஸ்க்கைத்தான் தேடுகிறது.

வெட்டு நின்றது. மூன்று லேயரோடும் எண் 60இல் நின்றது. இந்த நேரத்தில்தான் கார்டு சரியான கார்டா என்றும் பார்த்தோம். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் மென்பொருள் பிராசசரோடு வரும் சின்னதில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் எந்த ஜிபியு வேலை செய்கிறது என்று தெரியும். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்குக்குள் கிராபிக்ஸ் பகுதியில் ரெசல்யூமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். எச்டிஎம்ஐ துளை எந்தக் கார்டோடு இணைந்திருக்கிறது என்பதை என்விடியா கன்ட்ரோல் பேனலின் ஃபிசிக்ஸ் (PhysX) பக்கத்தில் படமாகவே பார்க்கலாம். இங்கே அது ஏற்கெனவே சரியாக இருந்தது.

ரயிலின் நடுக்கம்

மூடுபனியில் தெரியாத ஒன்று மலை ரயிலில் தெரிந்தது. பெட்டிகள் குறுக்காக, ஒரே வேகத்தில் நகரும்போது ஜன்னல் கம்பிகள் துடித்தன. ஒரு ஃப்ரேமும் விழவில்லை, சோதனைக் கிளிப்பில் 750 எண்ணும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு எண்ணும் நின்ற நேரம் 8, 8, 12, 8, 12 என்று மாறி மாறி வந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃப்ரேம் சமமாக உட்காராது. ஐந்து ஃப்ரேமுக்குப் பன்னிரண்டு இடம், அதனால் சில ஃப்ரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் தெரியும். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் இது போகாது.

வழி இரண்டு. கிளிப்பை 30 ஆக்கி எல்லாவற்றையும் 60இல் ஓட்டலாம், அல்லது 25 ஆகவே வைத்து வெளியீட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்கலாம். நாமே அனிமேஷன் செய்த கிளிப் என்றால் முதல் வழி நல்லது. 25இல் எடுத்த படத்தை மென்பொருள் வழியாக 30 ஆக்கினால் இரண்டு ஃப்ரேமைக் கலந்து பேய் நிழல் விடும், ரயிலில் அது அசிங்கமாகத் தெரியும். லைவ் கேமராவும் இருந்ததால் 50ஐத் தேர்ந்தோம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கேமராவை 50இலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100இலும் வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. கேமரா 50, கிளிப் 25, எச்டிஎம்ஐ 50, எல்இடி பிராசசர் 50 என்று நான்கும் ஒரே குடும்பத்து எண்ணாக நின்றன.

லேப்டாப்பின் சொந்தத் திரை 144 ஹெர்ட்ஸில் இருந்தது. இரண்டு திரை இரண்டு வேகத்தில் புதுப்பிக்கும்போது மென்பொருள் எதற்குப் பொருந்தி ஓடுவது என்று தடுமாறும். அந்தத் திரை 50 தராது, கிடைத்ததில் குறைவான 60க்கு இறக்கினோம். ரெசல்யூமின் ப்ரிவியூ தவிர வேறு எதுவும் அந்தத் திரையில் ஓடாமல் பார்த்துக்கொண்டோம். மறுபடி மொபைலில் பிடித்தபோது வாலில் ஒவ்வொரு எண்ணும் 9 அல்லது 10 ஃப்ரேம், சீராக.

இருபது நிமிடத்துக்குப் பிறகு

கோத்தகிரியில் இரவுக் குளிரில் லேப்டாப் சூடாகும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ செயலியை லாக் போட்டு ஓடவிட்டபோது பிராசசர் 90 டிகிரியைத் தாண்டி, கார்டின் வேகம் படிப்படியாக இறங்கியது தெரிந்தது. மேஜையில் விரித்திருந்த கம்பளித் துணியில் லேப்டாப்பின் அடிப்பக்கத் துவாரம் புதைந்திருந்தது. சாரல் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் போர்த்தியிருந்தார்கள், பின்னால் வெளியேறும் சூடு அதற்குள்ளேயே சுழன்றது. இதோடு உயரமும் சேரும். 1,800 மீட்டர் சுமாரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு குறைவுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று ஏற ஏற இது கூடும். குளிர்ந்த காற்று நமக்குச் சாதகம், அந்தக் காற்று உள்ளே போக வழிவிட்டால்.

நான்கு மூலையிலும் மரக்கட்டை வைத்து 4 சென்டிமீட்டர் உயர்த்தினோம். ஷீட்டை லேப்டாப்பின் மேல் போர்த்தாமல், மேஜைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டுக் கூரைபோல் கட்டி, பின்பக்கத்தைத் திறந்து விட்டோம். வெப்பம் 80க்குள் வந்தது, வேகம் விழவில்லை. குளிரில் கிடந்த வண்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்து ஆள் நிறைந்த கூடத்துக்குள் வந்ததும் உடனே பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். மூடிய பையோடு முக்கால் மணி நேரம் உள்ளே வைத்த பிறகு திறப்பதே பாதுகாப்பு.

ஒரு நொடி வால் கறுத்தது கரண்ட் பிரச்சினை. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, கெர்னல்-பவர் என்ற பெயரில் 105 எண்ணுள்ள பதிவுகளைத் தேடினோம். அடாப்டரிலிருந்து பேட்டரிக்கோ பேட்டரியிலிருந்து அடாப்டருக்கோ மாறிய நேரத்தை அது குறித்து வைக்கும். பேப்பரில் நாங்கள் குறித்த கறுப்பு நேரங்களோடு ஒவ்வொன்றும் பொருந்தியது. அடாப்டர் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் துளை தளர்ந்திருந்தது. பக்கத்தில் சப்வூஃபர் அதிரும்போது பிளக் தொட்டும் விட்டும் நின்றது. பேட்டரிக்கு மாறியதும் கார்டு வேகம் குறையும். சில லேப்டாப்களில் திரையின் ஹெர்ட்ஸும் தானாக மாறி, அந்த நொடியில் வெளியீடு அறுந்து மீளும். இதிலும் அதுதான் நடந்தது. தயாரிப்பாளர் செயலியில் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்தோம், பாக்ஸை மாற்றினோம்.

மலையில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுவது சாதாரணம் என்பதால் லேப்டாப்புக்கும் எல்இடி பிராசசருக்கும் மட்டும் 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்று தனியாகக் கொடுத்தோம். வால் பேனல்களை அதில் மாட்டாதீர்கள், தாங்காது. லைட் டிம்மர் இருக்கும் ஃபேஸையும் தவிர்க்க வேண்டும். ஜெனரேட்டர்காரரிடம் "அண்ணா, லைட் ஒரு ஃபேஸ், வால் ஒரு ஃபேஸ், எங்க மேஜைக்கு மூணாவது கொடுத்துருங்க" என்று லோடு ஏற்றும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. டீசல் ஜெனரேட்டரும் மெலிந்த காற்றில் முழுத் திறன் தராது, சமவெளிக் கணக்கை வைத்து அளவெடுத்தால் வால் வெள்ளையாக மின்னும்போது வோல்டேஜ் குலுங்கும்.

மிச்சம் இருந்த சின்ன வெட்டுகள்

இத்தனைக்கும் பிறகு ஒழுங்கில்லாமல் எப்போதாவது ஒரு வெட்டு வந்தது. லேட்டன்சிமான் செயலியை ஓட்டினால் எந்த டிரைவர் கணினியைப் பிடித்து வைக்கிறது என்று காட்டும். நெட்வொர்க் டிரைவர் மேலே நின்றது. சிக்னல் குறைந்த இடத்தில் வைஃபை தொடர்ந்து தேடிக்கொண்டே இருக்கும். வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணைத்ததும் அது போயிற்று. கிளௌட் ஒத்திசைவையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வைத்து, கிளிப் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினோம். ஐந்து செட்டிங்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த மேடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேமராவை 1080பியிலிருந்து 720பி 50க்கு இறக்கினோம். வாலின் உயரமே 640 பிக்சல், 720 தாராளம். சுருக்கப்படாமல் வரும் 720பி 50க்கு நொடிக்கு 92 மெகாபைட் தேவை. யூஎஸ்பி 3.0 துளையில் தனியாக மாட்டினால் இது சிரமமில்லாமல் போகும். ஹப்பிலோ யூஎஸ்பி 2.0 துளையிலோ மாட்டினால் கேப்சர் கார்டு (கேமராப் படத்தை லேப்டாப்புக்குள் எடுக்கும் கருவி) படத்தை எம்ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும், அதை அவிழ்க்கும் வேலை பிராசசருக்கு வந்து சேரும், தாமதமும் கூடும். மேடையில் ஆடுபவரின் கைக்கும் வாலில் தெரியும் கைக்கும் இடையே அந்தத் தாமதம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரியாகாமல் நின்றது ஒன்றே ஒன்று: ஒரு டெக்கிலிருந்து (ரெசல்யூமில் கிளிப்களை அடுக்கிவைக்கும் தொகுப்பு) இன்னொரு டெக்குக்கு மாறும்போது, புதுக் கிளிப்கள் ஏறும் கணத்தில் சின்னத் தயக்கம். நிகழ்ச்சிக்கு வேண்டிய 38 கிளிப்பையும் ஒரே டெக்கில் வரிசை மாற்றி அடுக்கி, பாட்டு வரிசைப்படி நிறம் கொடுத்து, மேடை தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் காத்திருந்தோம்.